சொன்னால் குறையும் சுமை

இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு மாணவன் ஆண்டு மலருக்கு எழுதுகிறான் என்றால், லேத் பற்றியோ சி.என்.சி. பற்றியோ எழுதுவான் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான். மலர்க் குழு நண்பர்களும் அதைத்தான் கேட்டார்கள். ஆனால் ஆறு செமஸ்டர் பாடத்திட்டத்தில் எங்குமே வராத, எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கழற்றிப் பார்க்க முடியாத ஓர் இயந்திரம் நம் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. அதன் பெயர் மனசு. அது பழுதானால் எங்கே கொண்டு போவது என்று நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. ஆகவே இந்த முறை அதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

என் ஊர் செட்டிகுளம். ஆலத்தூர் கேட்டில் இறங்கி மேற்கே வந்தால் ஏகாம்பரேசுவரர் கோயிலும், கையில் கரும்போடு மலைமேல் நிற்கும் தண்டாயுதபாணியும் வரவேற்பார்கள். சாமிக்கு அடுத்தபடி எங்கள் ஊருக்குப் பெயர் வாங்கித் தந்தது சின்ன வெங்காயம். அறுவடை செய்ததை உடனே விற்காதவர்கள் பட்டறை போட்டு வைப்பார்கள். கீழே கல் அடுக்கி, தரையில் படாமல் உயர்த்தி, சுற்றிலும் காற்று புகுமாறு கட்டுவார்கள். "காத்து போகலேன்னா உள்ளுக்குள்ளயே அழுகிடும்டா, வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது" என்பார் எங்கள் தாத்தா. வெங்காயத்துக்கு அவர் சொன்னது மனிதனுக்கும் பொருந்தும் என்பது விடுதிக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

நம்மில் பெரும்பாலோர் பத்தாம் வகுப்பு முடித்தவுடன் நேராக இங்கே வந்தவர்கள். வயது பதினைந்து, பதினாறு. நம்மோடு படித்தவர்கள் அதே பள்ளியில், அதே பெஞ்சில் பிளஸ் ஒன் உட்கார்ந்திருக்கும்போது, நாம் பெட்டி படுக்கையோடு விடுதிக்கு வந்து சேர்கிறோம். நேற்றுவரை தமிழில் படித்த கணக்கு இன்று ஆங்கிலத்தில். இன்ஜினியரிங் கிராபிக்ஸ் தாளில் ஒரு கோடு தவறினால் முழுப் படமும் போச்சு. வீட்டிலோ, வெங்காயம் விற்ற காசில் பாதி நம் பீஸுக்கு வந்திருக்கிறது. விலை இறங்கிய வருடமென்றால் அது கடன் காசு. "நல்லா படிப்பா" என்று அப்பா பஸ் ஏற்றிவிடும்போது சொல்லும் அந்த இரண்டு சொல்லில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்பதை, முதல் செமஸ்டர் ரிசல்ட் வரும் நாளில்தான் உணர்வோம்.

சென்ற ஆண்டு எங்கள் விடுதியில் ஒரு தம்பி இருந்தான். பெயர் வேண்டாம். எழுதட்டுமா என்று அவனிடமே கேட்டு, "எழுதுங்கண்ணே, ஆனா பேரு மட்டும் வேணாம்" என்று சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன். ஊர்ப் பள்ளியில் முதல் மாணவன். இங்கே முதல் செமஸ்டரிலேயே மூன்று அரியர். ரிசல்ட் வந்தபின் மெஸ்ஸுக்கு வருவது குறைந்தது. பிறகு வகுப்புக்கு வருவதும் குறைந்தது. பகலெல்லாம் போர்வைக்குள். இரவில் விழித்துக்கொண்டு கிடப்பான். அறையில் இருந்தவர்கள் "சரியான சோம்பேறிடா" என்றார்கள். வகுப்பில் அரியர் எண்ணிக்கையை எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள். அதற்குப் பின் அவன் யார் முகத்தையும் பார்த்துப் பேசவில்லை.

ஒரு ராத்திரி மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தான். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னடா தம்பி, சாப்டியா?"

"பசிக்கலண்ணே."

"வீட்டுக்குப் போன் பண்ணியா?"

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "என்னத்தண்ணே சொல்றது? நான் இல்லாம இருந்தா அவங்களுக்குக் கடனாவது மிச்சம்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உடம்பு ஆடிப்போய்விட்டது. "அப்டில்லாம் பேசாதடா" என்று வாயை அடைக்கத்தான் தோன்றியது. ஆனால் அவன் பேச ஆரம்பித்ததே அன்றுதான். அதனால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டு மணி நேரம் போயிற்று. அன்று இரவு அவனைத் தனியே விடவில்லை. என் அறையிலேயே படுக்க வைத்தேன். காலையில் எங்கள் துறையில் மாணவர்கள் நம்பிப் பேசும் ஓர் ஆசிரியரிடம் அழைத்துப் போனேன். அவர் கோபப்படவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டு, தன் செல்போனில் 14416 போட்டு, அவன் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றார்.

அந்த எண் என்ன என்பது அன்றுவரை எனக்கும் தெரியாது. 'டெலி மனஸ்' என்று பெயர். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று மத்திய அரசு தொடங்கியது. தமிழ்நாட்டில் அதே எண்ணில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் அந்தச் சேவை நடக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கும், பக்கத்து அரசு மருத்துவமனைக்கும் வழிகாட்டுவார்கள். நம் தம்பிக்கும் அப்படித்தான் பெரம்பலூர் அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள்.

அதற்குள் அவன் அம்மாவும் அப்பாவும் பதறிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். "காத்து கருப்பு ஏதாச்சும் பட்டிருக்கும் தம்பி, மந்திரிச்சு கயிறு கட்டுனா சரியாயிடும்" என்றார் அந்த அம்மா. ஆசிரியர் நிதானமாகச் சொன்னார்: "கயிறு கட்டுங்கம்மா, வேணாங்கல. சாமியும் கும்பிடுங்க. காய்ச்சல் வந்தா சாமி கும்பிட்டுட்டு ஆஸ்பத்திரிக்கும் போறோம்ல, அது மாதிரி இதுக்கும் ஒரு டாக்டரு இருக்காரும்மா." அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. போனார்கள்.

ஒரே நாளில் அவன் மாறிவிடவில்லை. சினிமாவில்தான் அப்படி நடக்கும். முதலில் தூக்கம் வந்தது, பிறகு சாப்பாடு வந்தது. மூன்று மாதம் கழித்து ஒருநாள் மெஸ்ஸில் "இன்னிக்கி சாம்பார் ரொம்பத் தண்ணிண்ணே" என்று குறை சொன்னான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை! மூன்று அரியரில் இரண்டை முடித்துவிட்டான். இன்னும் ஒன்று பாக்கி. அதையும் முடிப்பான்.

நண்பர்களே! இது எங்கள் விடுதியில் மட்டும் நடக்கும் கதை அல்ல. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. நம் அண்டை மாவட்டமான அரியலூரில் குழுமூர் என்ற ஊரை அறியாதவர் யார்? அந்த ஊர் அனிதா, திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்தவர். நீட் தேர்வு தன் மருத்துவக் கனவை மறித்தபோது, உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடியவர். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். இன்று அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரியில் அவர் பெயரில் அரங்கம் இருக்கிறது. அங்கே டாக்டராக நடந்திருக்க வேண்டியவர், பெயர்ப் பலகையில் இருக்கிறார். தேர்வு வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கு ஒருபக்கம் நடக்கட்டும். அதுவும் தேவையான வழக்குத்தான். ஆனால் அந்த வழக்கு முடிகிறவரை, தவித்து நிற்கிற பிள்ளையின் பேச்சைக் கேட்க ஒரு காது வேண்டாமா?

அந்தக் காதைக் கொடுக்க முன்வந்தவர்கள் நம் தமிழ்நாட்டில் உண்டு. 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் 'சிநேகா' என்ற அமைப்பைத் தொடங்கினார். வாழ்க்கை வெறுத்துப்போனவர்கள் போன் செய்தால் தொண்டர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். அவர்கள் கேட்பதோடு நிற்கவில்லை. பொதுத் தேர்வில் தோற்றவர்கள் ஒரு வருடத்தையே இழக்கும் நிலை மாற வேண்டும், உடனே துணைத் தேர்வு வைக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார்கள். பிறகு அது வந்தது. இன்று பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போனாலும் சில வாரங்களிலேயே எழுதி, அதே வருடம் நம் பாலிடெக்னிக்கில் சேரலாம். நம் வகுப்பிலேயே அப்படிச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். 2017-இல் பொதுத் தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் அறிவிக்கும் வழக்கத்தையும் அரசு நிறுத்தியது. 2021-இல் நீட் எழுதிய தமிழக மாணவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொலைபேசியில் மனநல ஆலோசனை கொடுக்க ஏற்பாடு நடந்தது. மனசைத் தேற்றினால் மட்டும் போதாது, மனசை நசுக்கும் விதியையும் மாற்ற வேண்டும் என்பதற்கு இவையெல்லாம் சாட்சி.

இன்னொரு செய்தி எனக்கு வியப்பாக இருந்தது. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நாட்டில் முதன்முதலாக நான்கு மாவட்டங்களில் தொடங்கியபோது, அதில் ஒன்று திருச்சி. அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 1995 நவம்பரில், நம் பெரம்பலூர் திருச்சியிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆகியிருந்தது. அதாவது, நம் வீட்டுக் கொல்லையிலேயே முளைத்த திட்டம் இது. முப்பது வருடம் ஆகியும் நம் விடுதியில் அதைப் பற்றி ஒருவருக்கும் தெரியவில்லையே!

கவுன்சலிங் என்றால் 'பைத்தியத்துக்கு வைத்தியம்' என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அட்மிஷன் கவுன்சலிங் மட்டும் தெரிந்தவர்களும் உண்டு! ஆலோசகர் உபதேசம் செய்பவர் அல்ல. முதலில் கேட்பார். நீ சொன்னதை வெளியே சொல்ல மாட்டார், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உதவிக்கு வேண்டியவர்களைச் சேர்த்துக்கொள்வார். பெரிய குழப்பத்தைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து, எதை முதலில் பார்ப்பது என்று உன்னையே யோசிக்க வைப்பார். மருந்து தேவையென்றால் மருத்துவரிடம் அனுப்புவார். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்பார். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தவறு. கேட்ட பிறகுதான் பலருக்கு மூச்சு வருகிறது. சட்டமும் இப்போது மாறிவிட்டது. 2018 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பாதுகாப்புச் சட்டம், அந்த முயற்சி செய்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, சிகிச்சை தரச் சொல்கிறது. ஆகவே போலீஸுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை.

பாய்லரில் சேஃப்டி வால்வு எதற்கு என்று தெர்மல் பாடத்தில் படித்திருக்கிறோம். வால்வு திறந்து நீராவி சீறினால் பாய்லர் மட்டம் என்று யாராவது சொல்வார்களா? அழுகிற நண்பனை மட்டும் ஏன் மட்டமாகப் பார்க்கிறோம்?

சக மாணவன் திடீரென்று ஒதுங்கினால், தூக்கமும் சாப்பாடும் தலைகீழானால், தனக்குப் பிடித்த பொருளை எல்லாம் மற்றவர்க்குக் கொடுத்துவிட்டால், "நான் இல்லேன்னா நல்லது" என்று பேசினால், விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். தனியே விடாதீர்கள். நம்பிக்கையான பெரியவரிடம் சொல்லுங்கள். அது காட்டிக் கொடுப்பது ஆகாது, கைகொடுப்பது.

நம் மாணவர் பேரவைக்கும் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று, 100 அல்லது அதற்கு மேல் மாணவர் படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டியிருக்கிறது. நம்மிடம் ஆயிரம் பேருக்கு அருகில் இருக்கிறோம். வாரத்தில் இரண்டு நாளாவது ஓர் ஆலோசகர் வர, நிர்வாகத்திடம் பேரவை முறைப்படி மனு கொடுக்க வேண்டும். இரண்டு, அரியர் பட்டியலை வகுப்பில் வாசிக்கும் பழக்கம் நிற்க வேண்டும். அவரவர் மதிப்பெண் அவரவருக்கு மட்டும் போதும். மூன்று, முதலாண்டு மாணவர்களை வரவேற்கும் நாளிலேயே 14416 என்ற எண்ணைச் சொல்லித் தர வேண்டும். நோட்டீஸ் போர்டிலும், விடுதி மாடிப்படியிலும் அதைப் பெரிதாக எழுத வேண்டும். பெயின்ட் செலவை மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் வகுப்பு ஏற்கும்!

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கல்வித் துறை இருக்கிறது. கல்லூரிக்காரர்களுக்கு வயதும் அனுபவமும் ஓரளவு துணை இருக்கிறது. நாம் இரண்டுக்கும் நடுவே, பதினாறு வயதில் தனியே நிற்கிறவர்கள். நமக்கு நாமே துணை நிற்காவிட்டால் வேறு யார் நிற்பார்கள்?

அடுத்த ஆண்டு இந்த மலரைப் புரட்டப்போகும் முகம் தெரியாத தம்பி, தங்கையே! அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நம் பாட்டிகள் சும்மா சொல்லவில்லை. அரியரை அடுத்த செமஸ்டரில் எழுதலாம். கடனை இரண்டு போகத்தில் அடைக்கலாம். உன்னை மட்டும் இன்னொரு முறை பெற முடியாது. மனசுக்குள் பூட்டி வைக்காதே. யாரிடமாவது சொல். யாரும் இல்லை என்று தோன்றினால் எங்கள் அறைக் கதவைத் தட்டு. ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை