கடலோர மணலும் கிணற்றுத் தண்ணீரும்

பழவேற்காட்டில் தொடங்கி, குமரி மாவட்டம் நீரோடியில் முடிகிறது தமிழ்நாட்டுக் கடற்கரை. ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான நீளம். உள்நாட்டில் கரிசல், செம்மண், வண்டல் என்று நிலம் மாறுவதைப் போலவே கடற்கரையும் ஊருக்கு ஊர் மாறுகிறது. கரை எப்படியோ, அதற்குப் பின்னால் இருக்கும் கிணறும் வயலும் அப்படித்தான்.

முதலில் சென்னை மெரினா. இன்று பரந்து கிடக்கும் இந்த மணல்வெளி, ஒரு காலத்தில் இவ்வளவு அகலமாக இல்லை. வங்கக்கடல் ஓரத்தில் ஆண்டின் பெரும்பகுதி நாட்களில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1876-ல் துறைமுக வேலை தொடங்கி, கற்சுவர் கடலுக்குள் நீண்டதும் அந்த மணல் சுவருக்குத் தெற்கே தேங்கியது. மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வரத்து குறைந்து, கரை அரித்தது. மேலே ஒருவர் மடையை அடைத்தால் கடைமடை காய்வது போலத்தான் இதுவும்.

தெற்கே சிதம்பரம் அருகே பிச்சாவரம். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவே சேற்று நிலம். அதில் சுரபுன்னை, கண்டல் மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கோடியக்கரையில் கரை மேற்கே திரும்புகிறது. இங்கே மணல்மேடு, பக்கத்து வேதாரண்யத்தில் உப்பளம், அதைத் தாண்டினால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு என ஒரே நாள் பயணத்தில் மூன்று விதமான கரைகளைப் பார்க்கலாம். 1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பு எடுத்தது வேதாரண்யத்தில்தான். உப்பு விளையும் அதே வட்டாரத்தில், மேடான மணல் நிலங்களில் மாவும் தென்னையும் காய்க்கின்றன.

உப்புக்குப் பக்கத்தில் நன்னீர் எப்படி நிற்கிறது? இதற்குப் பதில் தனுஷ்கோடியில் இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் அது. இரண்டு பக்கமும் கடல். ஆனாலும் மணலைச் சில அடி தோண்டினால் குடிக்கத் தண்ணீர் ஊறுகிறது. மணலில் இறங்கும் மழைநீர், உப்புநீரை விட எடை குறைவு என்பதால் அதன் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. இதே கணக்கு திருப்பியும் வேலை செய்யும். அளவுக்கு மீறி இறைத்து நீர்மட்டம் 1 அடி இறங்கினால், அடியில் இருக்கும் உப்புநீர் மெல்ல மெல்ல 40 அடி வரை மேலேறக்கூடும்.

திருச்செந்தூரில் கடலை ஒட்டி இருக்கும் நாழிக்கிணற்றின் நன்னீரைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்த வட்டாரத்தில் கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால், காற்று குவித்த தேரிமணல். இரும்புச்சத்து படிந்து சிவந்த மேடுகள். விழும் மழையை உடனே உறிஞ்சிக்கொள்கின்றன. பனையும் முந்திரியும் உடைமரமும் அங்கே நிற்கின்றன. பெயர்பெற்ற உடன்குடி கருப்பட்டி இந்தத் தேரிக்காட்டுப் பக்கத்துப் பனைகளின் கொடைதான்.

குமரிக்கு வந்தால் மணலே பல நிறம். கார்னெட் தாதுவால் சிவப்பு, இல்மனைட் தாதுவால் கறுப்பு. மேற்கே முட்டத்தில் மணலை விலக்கிக்கொண்டு பாறைகள் கடலுக்குள் நீள்கின்றன.

இத்தனை கரைகளையும் பார்த்து வரும் விவசாயிக்குப் புரிவது ஒன்றுதான். வயலுக்கு வரப்பு எப்படியோ, கடலோர ஊருக்கு மணல்மேடு அப்படி. அது மழைநீரைச் சேமிக்கிறது, உப்புக்காற்றையும் அலையையும் தடுக்கிறது. அதை வெட்டி லாரியில் ஏற்றினால் விலை கிடைப்பது ஒரு முறை. கிணறு உப்பானால் இழப்பு பல வருடங்களுக்கு.

எனவே மேட்டில் படரும் அடம்பங்கொடியையும் ராவணன் மீசைப் புல்லையும் களை என்று பிடுங்காதீர்கள். மணலைப் பிடித்து வைப்பவை அவைதான். கடலோர நிலத்தில் ஆழமான போர் போடுவதை விட, மேலோட்டமான கிணற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பதே நல்லது. மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை, கோடையில் ஒரு முறை பாசன நீரைப் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். பயிர் கருகும் முன்பே உப்பு ஏறுவது தெரிந்துவிடும்.