பலகைமேல் ஒரு புகைவண்டி

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர் ஆண்மகவின் விளையாட்டுக்களுள் சிற்றில் சிதைத்தலையும் சிறுதேர் உருட்டுதலையும் தனித்தனிப் பருவங்களாக வகுத்தனர். மணலில் வீடு கட்டுதலும் மரத்தேரை இழுத்தலும் சிறுவர்க்கே உரியன என்று எண்ணுவார் உளர். ஆனால், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நரைத்த தலையினர் பலர், அலுவல் முடிந்த மாலைப்பொழுதில், கையளவுப் புகைவண்டி ஒன்றையும் அட்டையால் ஆன ஆலைகளையும் முன்வைத்துக்கொண்டு உணவையும் மறந்திருப்பர். அவர்தம் முகத்திலே காணப்படும் கவலை, உண்மையான இருப்புப்பாதை அதிகாரிக்கும் இராது!

அத்தகைய அமெரிக்கர் ஒருவர் சிறிய வாடகை வீட்டில் வாழ்கின்றார் என்று கொள்க. புகைவண்டியை 87 பங்கில் ஒரு பங்காகச் சுருக்கும் ‘எச்.ஓ.’ என்னும் அளவே அந்நாட்டில் பெரிதும் வழங்குவது. தண்டவாளங்களுக்கு இடையே 1435 மில்லிமீட்டராக உள்ள அகலம் இதில் 16.5 மில்லிமீட்டராகிவிடும், நாற்பதடிச் சரக்குப்பெட்டி 14 சென்டிமீட்டரில் அடங்கிவிடும். எனினும், அவ்வண்டி வட்டமாகச் சுற்றிவர வேண்டுமாயின் ஒரு மீட்டர்க்குக் குறையாத அகலம் வேண்டும். அவர் வீட்டில் அதற்கு இடம் ஏது? சுவரோரமாக நூல் அடுக்கும் பலகை போன்ற ஒரு பலகையே உண்டு. ஓரடி அகலம், ஆறடி நீளம்.

அப்பலகையில் ஓடும் வண்டி எந்த ஊருக்கும் செல்லாது. அது செல்வதற்கு ஒரு காரணம் வேண்டும். அக்காரணத்தைத் தருவன ஆலைகளே. மாவு ஆலைக்குக் கோதுமை வரவேண்டும். மாவு வெளியே செல்லவேண்டும். கிடங்கின் வாயிலில் நிற்கும் பெட்டியை எடுத்து மற்றொன்றை நிறுத்தவேண்டும். ஆதலின், ஆலை இல்லாத பலகையில் வண்டிக்கு வேலை இல்லை.

ஆலையோ பெரிது. நூறு மீட்டர் நீளமுள்ள ஆலையை 87 பங்கில் ஒன்றாகக் குறைத்தாலும் 115 சென்டிமீட்டர் ஆகும். பலகையில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். எனவே, இருபது சாளரம் உள்ள சுவருக்கு எட்டுச் சாளரம் வைத்து நீளத்தைக் குறைப்பர். முன்சுவரை மட்டும் கட்டிப் பின்சுவரோடு ஒட்டிவிடுவதும் உண்டு. நாடக மேடையில் அரண்மனை நிற்பது போல அந்த ஆலையும் நிற்கும்; பின்னே போய்ப் பார்ப்பார் எவரும் இலர்.

இவ்வளவும் முடிவு செய்த பின்னரும் அறிந்தவர் உடனே ஆலையைக் கட்டிவிடார். காலையுணவுத் தானியம் வந்த வெற்று அட்டைப்பெட்டியைப் பிரித்து, கத்தியால் நறுக்கி, ஒட்டுத்தாளால் இணைத்து, முதலில் ஒரு போலிக் கட்டடம் செய்வர். கதவும் சாளரமும் பென்சிற் கோடுகளே. ஒரு மாலைப்பொழுதில் செய்துமுடித்த அதனைத் தண்டவாளத்தின் அருகே வைத்து நாட்கணக்கில் பார்த்திருப்பர். அப்போது குறைகள் ஒவ்வொன்றாக வெளிப்படும். வளைவில் செல்லும் பெட்டியின் நடுப்பகுதி உள்நோக்கி ஒதுங்கும். அதன் முனைகள் வெளிப்புறம் நீளும். நேர்பாதையில் இடிக்காத சுவர் அங்கே இடிக்கும். சரக்கை இறக்கும் மேடை பெட்டியின் தளத்தோடு ஒத்த உயரத்தில், ஏறத்தாழ 13 மில்லிமீட்டர், இருத்தல் வேண்டும். அதற்கு மேல் உயர்ந்தால் சரக்கேற்றும் வழி பிழைபடும். உயர்ந்த கட்டடத்தை முன்னால் வைத்தால், அதன் பின்னே உள்ள பெட்டியைக் கழற்றக் கை நுழையாது. இவற்றைக் கணக்கிட்டு அறிவார் சிலரே. பலர்க்கு உரசிய அட்டையே ஆசான்.

அட்டை உரசினால் கிழித்தெறியலாம். பல மாதம் உழைத்துச் செங்கல் செங்கலாக வண்ணம் தீட்டிய ஆலை உரசினால் அதனைக் கிழிக்க எவர்க்கு மனம் வரும்? இங்கே சிற்றில் கட்டுபவரும் சிதைப்பவரும் ஒருவரே. மூன்று முறை சிதைத்து நான்காம் முறை கட்டிய போலி, சில வேளைகளில் அப்படியே ஆண்டுக்கணக்கில் நின்றுவிடுவதும் உண்டு. அதனைச் சோம்பல் என்று இகழ்வாரும் இருக்கின்றனர். அவ்வளவு கடுமை வேண்டுவதில்லை.

பலகையில் வண்டியை இயக்கும் வகையை இங்கிலாந்தின் ஆலன் ரைட் என்பார் ஓர் அழகிய புதிராக்கினார். ‘இங்கிள்நுக்’ என்பது அதன் பெயர். கிளைப்பாதைகள் மூன்று, ஒன்றில் ஐந்து பெட்டிகளும் ஏனைய இரண்டில் மும்மூன்று பெட்டிகளும் நிற்கும். எஞ்சின் முன்னும் பின்னும் நகரும் பாதையில் எஞ்சினோடு மூன்று பெட்டிகளுக்கே இடம். மொத்தப் பெட்டிகள் எட்டு. சீட்டுக் குலுக்கி எடுத்த ஐந்து பெட்டிகளைச் சீட்டு வந்த வரிசையிலேயே கோத்து வண்டியாக்குதல் வேண்டும். அவ்வரிசைகள் 6720! ஆறடிப் பலகைக்குள் இத்தனையும் அடங்கியிருப்பது வியப்பன்றோ?

பேரளவில் கட்டியவர்களுள் புகழ் பெற்றவர் அமெரிக்காவின் ஜான் ஆலன். கலிபோர்னியாவில் உள்ள மான்டரே என்னும் ஊரில், வீட்டின் நிலவறை நிறைய மலையும் பாலமும் நகரமுமாகக் ‘கோரி அண்டு டஃபீட்டட்’ என்னும் பாதையைப் பல ஆண்டுகள் உழைத்து அமைத்தார். குருதி சிந்தித் தோற்றது என்று பொருள்படும் ஒலிவிளையாட்டு அப்பெயர். எஞ்சினுக்குப் பதிலாகப் பெட்டிகளை இழுக்க ஒரு தொன்மை விலங்கையும் நிறுத்தியிருந்த வேடிக்கை மனிதர் அவர். தொடக்கத்தில் தாம் கட்டிய சிறு பாதையையும் பெரும் பாதைக்குள்ளேயே இணைத்துக்கொண்டார். 1972இல் அவரும் ‘டைம்சேவர்’ என்னும் பெயரால் பலகையளவுப் புதிர் ஒன்றை வெளியிட்டார். 1973 ஜனவரியில் மறைந்தார். பத்து நாட்களுக்குள் அவ்வீட்டில் தீப்பற்றியது. நிலவறையில் இருந்த பாதை அழிந்தது. அதனுள் இருந்த அச்சிறு பாதையும் தப்பவில்லை. ஆலன் ஒளிப்படக் கலைஞர். ஆகையால் படங்கள் எஞ்சின.

வாடகை வீட்டுக்காரர் அப்படங்களைப் பார்த்தவர்தாம். அவருடைய மாவு ஆலைக்கு இன்னும் கூரை இல்லை. இடப்புறச் சுவரில் தானியப் பெட்டியின் எழுத்துக்கள் தெரிகின்றன. குவளையைக் குலுக்கி ஐந்து சீட்டுக்களை எடுத்து மேசைமேல் வரிசையாக வைக்கின்றார். முதற்சீட்டில் குறித்த பெட்டி நெடும்பாதையின் கடைசியில், மற்ற நான்கிற்கும் பின்னே, சிக்கிக்கொண்டு நிற்கின்றது. எஞ்சின் மெல்லப் பின்னோக்கி நகர்கின்றது.