பகத் கன்வர் ராம்: ஒரு பாடகரின் பாதி நினைவு

பக்தி இலக்கியத்தை வகுப்பில் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் எனக்கு ஒரு குறை தோன்றுவதுண்டு. பாடல்களின் சொற்கள் நம்மிடம் உள்ளன; பாடியவரின் குரல் இல்லை. சிந்து மண்ணின் பகத் கன்வர் ராமின் நிலையோ இதற்கு நேர்மாறானது. அவர் பெரும்பாலும் பிறர் இயற்றிய பாடல்களையே பாடினார். அவர் விட்டுச்சென்ற செல்வம் அவருடைய குரலும் அதைக் கேட்டவர்களின் நினைவும்தான். பழைய இசைத்தட்டுகள் சிலவற்றில் அக்குரல் இன்றும் எஞ்சியிருக்கிறது.

1885 ஏப்ரல் 13 அன்று, அன்றைய சுக்கூர் மாவட்டத்தின் ஜர்வார் என்னும் சிற்றூரில் பிறந்தவர் அவர். வறிய குடும்பம். தாய் அவித்துக் கொடுத்த சுண்டலைத் தெருத்தெருவாகப் பாடி விற்றான் சிறுவன். அந்தக் குரலைக் கேட்டுத்தான் ரஹர்கியைச் சேர்ந்த துறவி சத்ராம் தாஸ் அவனைச் சீடனாக ஏற்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

'பகத்' என்பது அடியவரைக் குறிக்கும் சொல். சிந்தி மொழியில் அது ஒரு கலை வடிவத்தின் பெயருமாகும். நீண்ட அங்கியும் தலைப்பாகையும் அணிந்து, காலில் சலங்கை கட்டி, துணைப் பாடகர்களுடன் இரவு முழுவதும் ஆடியும் பாடியும் கதை சொல்வார்கள். சசுயி, மாருயி போன்ற நாட்டுப்புறக் காதல் கதைகளும், நகைச்சுவையும், வேதாந்தமும் அதில் இயல்பாகக் கலந்து வரும். கன்வர் ராம் இவ்வடிவத்தின் தலைசிறந்த கலைஞராக விளங்கினார். கூட்டத்தின் முன் துணியை விரித்து ஏந்துவார். அதில் விழுந்த பணம் ஏழைகளுக்கும் பார்வையற்றோருக்கும் கைம்பெண்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

அவர் யாருடைய பாடல்களைப் பாடினார் என்பது இங்கே முக்கியமானது. ஷா அப்துல் லத்தீஃப் (1689–1752), சச்சல் சர்மஸ்த் (1739–1827) ஆகிய சூஃபிக் கவிஞர்களின் பாடல்களும், வேதாந்தக் கவி சாமியின் செய்யுள்களும் ஒரே இரவில் ஒரே வாயிலிருந்து வந்தன. கேட்டவர்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் இருந்தனர். இதை நல்லிணக்கப் பிரச்சாரம் என்று கருத வேண்டியதில்லை. சிந்தி மொழியில் பாட வந்த எவருக்கும் அதுவே இயல்பான பாடத்திட்டம்.

1939இல் அந்த இயல்பு குலைந்தது. சுக்கூரில் சிந்து நதிக்கரையிலிருந்த மன்சில்காஹ் என்னும் பழைய கட்டடம் மசூதியா, இல்லையா என்ற பூசல் அக்டோபரில் போராட்டமாக மாறியது. நவம்பரில் பெருங்கலவரமாக வெடித்தது. அந்த நவம்பரின் முதல் நாள் இரவு, நிகழ்ச்சி ஒன்றை முடித்துக்கொண்டு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்த கன்வர் ராம் ரூக் சந்திப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 54.

எட்டே ஆண்டுகளில் பிரிவினை வந்தது. சிந்து முழுவதுமாகப் பாகிஸ்தானுக்குச் சென்றது. பஞ்சாபியருக்கும் வங்காளியருக்கும் இந்தியாவில் பாதி நிலமாவது கிடைத்தது. சிந்தி இந்துக்களுக்கு அதுவும் இல்லை. 1967இல் சிந்தி மொழி அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம்பெற்றது. ஆனால் அட்டவணையில் இடம் கிடைப்பது தெருவில் இடம் கிடைப்பதாகாது. அரபு எழுத்தா, தேவநாகரியா என்ற விவாதத்துக்கு இடையே இரண்டையும் படிக்காத தலைமுறைகள் வளர்ந்துவிட்டன.

சென்னையில் நான் அறிந்த சிந்தி முதியவர் ஒருவர், பிரிவினைக்குப் பின் வந்து குடியேறிய துணி வியாபாரக் குடும்பத்தவர். கன்வர் ராமின் பாடல்களைத் தாயிடம் கேட்டுக் கற்றவர். பேரப் பிள்ளைகளுக்குப் பாடிக் காட்டுவார். "அவங்களுக்கு ராகம் பிடிக்குது சார், அர்த்தம் நான்தான் தமிழ்ல சொல்லணும்" என்றார். மொழியைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அந்தச் சொல் நெடுநாள் உறுத்தலாக இருந்தது.

இந்தியாவில் கன்வர் ராமின் பெயரில் குடியிருப்புகளும் அமைப்புகளும் உள்ளன. 2010இல் அஞ்சல் தலையும் வெளியிடப்பட்டது. இவையனைத்தும் அவருக்கு உரிய மரியாதைகளே. எனினும் அவரைத் தியாகி என்று மட்டும் நினைவுகூரும்போது, அவர் வாழ்ந்த ஐம்பத்துநான்கு ஆண்டுகளைவிடக் கொன்றவர்களின் ஒரு கணம் பெரிதாகிவிடுகிறது. துப்பாக்கி அவரை ஒரு சமூகத்தின் ஆளாகச் சுருக்கியது. நம் நினைவும் அதே வேலையைத் தொடர வேண்டுமா என்ன?

சத்ராம் தாஸின் ரஹர்கியில் இன்றும் அடியவர்கள் கூடுகிறார்கள். எல்லை கடந்து இந்தியாவிலிருந்தும் யாத்திரிகர்கள் சென்றிருக்கிறார்கள். ஷா லத்தீஃபின் பாடலைக் கன்வர் ராமின் குரலில் கேட்கிறவர் அதில் எந்தப் பாதி யாருடையது என்று பிரித்துவிட முடியாது. அவரை முழுதாக நினைவில் வைத்திருக்க இன்றைக்கு நமக்கு இருக்கும் வழி, அவர் பாடியவை அனைத்தையும் சேர்த்தே கேட்பதுதான்.