பேர்த்திக்கு ஒரு குல்லாய்

தமிழில் நூல் என்னும் சொல் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். பவணந்தி முனிவர் தம் நன்னூலில் இவ்விரண்டையும் ஒப்பிடுங்கால், சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அறிவைக் கதிராகவும் உருவகம் செய்கிறார். மதரஸாவில் ஓதி, அரபும் தமிழும் கற்பித்து வரும் எனக்கு ஏட்டு நூலோடுதான் உறவு. இழை நூல் என் இல்லாளின் உலகம். அவ்விரு உலகங்களும் சந்தித்த சில நாட்களைப் பற்றி வாசகப் பெருமக்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

நாங்கள் மேலப்பாளையத்தார். தறியோசை கேட்டு வளர்ந்தவன் யான். நெசவிலே பாவு, ஊடை என இரு திசை நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணையும். பின்னலோ அங்ஙனமன்று. ஒரே நூல், இரண்டு ஊசிகள். ஒரு கண்ணியினுள் மற்றொரு கண்ணியை இழுத்து, வரிசை மேல் வரிசையாக ஏற்றிச் செல்வார்கள். கண்ணிகள் வளைந்து கொடுப்பதால் பின்னலாடை இழுத்தால் விரியும். விட்டால் சுருங்கி உடலோடு ஒட்டும். கண்ணிகளிடையே தங்கும் காற்றே வெதுவெதுப்பைக் காக்கும். பச்சிளங் குழவிக்கு இதனினும் ஏற்ற உடை யாது?

எங்களூர் வெயிலில் கம்பளிக்கு என்ன வேலை என்று சிலர் நகைத்ததுண்டு. ஆனால் எங்கள் மகளை மணம் முடித்துக் கொடுத்ததோ குன்னூரில். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6,000 அடி உயரம்; மார்கழிக் குளிர் எலும்பைத் துளைக்கும். மகள் கருவுற்ற செய்தி வந்த வாரமே என் இல்லாள் மென்மையான கம்பளி நூல் வாங்கி வந்து, சுவெட்டரும் குல்லாயும் காலுறையும் பின்னத் தொடங்கிவிட்டாள்.

அவள் பின்னுவதைப் பார்த்தபடி, இக்கலையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். இன்று உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய பின்னலாடைகளுள், எகிப்தில் கிடைத்த பருத்திக் காலுறைத் துண்டுகள் முக்கியமானவை. இஸ்லாமிய ஆட்சிக் காலத்தவை. நீலமும் வெள்ளையும் கலந்தவை. ஸ்பெயின் நாட்டுப் புர்கோஸ் நகரையடுத்த லாஸ் உவெல்காஸ் மடத்தில், 1275இல் மறைந்த பெர்னாண்டோ தெ லா செர்தா என்னும் இளவரசரின் கல்லறையிலே பின்னலால் ஆன பட்டுத் தலையணை உறையொன்று கிடைத்தது. அது முஸ்லிம் கைவினைஞரின் படைப்பு என்பது அறிஞர் கருத்து. அதன் ஓரத்தில் கூஃபி எழுத்தில் ‘பரக்கத்’ என்னும் அரபுச் சொல் பின்னப்பட்டிருக்கிறது. கிறித்தவ இளவரசரின் தலைமாட்டில் ஓர் அரபு வாழ்த்து! எழுதுகோலால் மட்டுமே எழுத இயலும் என்றெண்ணியிருந்த எனக்கு, ஊசியாலும் எழுதலாம் என்பது வியப்பைத் தந்தது.

மகள் பேறுகாலத்துக்குத் தாய்வீடு வரவேண்டியவள். மலையிறங்கிப் பயணம் செய்ய வேண்டாமென மருத்துவர் தடுத்ததால் நாங்களே குன்னூர் சென்றோம். சென்ற மூன்றாம் நாள், 34ஆம் வாரத்திலேயே பேர்த்தி பிறந்துவிட்டாள். எடை 1,900 கிராம். 37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதப் பிறப்பு. 2,500 கிராமுக்குக் குறைந்தால் எடைக்குறைவு. இரண்டுமே எங்கள் பேர்த்திக்கு நேர்ந்திருந்தன.

குறைமாதக் குழந்தையின் தோலடியில் கொழுப்பு போதாது; குளிரெடுத்தால் நம்மைப் போல் நடுங்கி வெப்பமூட்டிக்கொள்ளவும் அதனால் இயலாது. உடலின் அளவை நோக்கத் தலை பெரிதாதலால் அவ்வழியே வெப்பம் மிகுதியும் இழக்கப்படும். உடல்வெப்பம் 36.5 பாகைக்குக் குறையலாகாது என்றும், தலையில் குல்லாய் இருந்தே ஆகவேண்டும் என்றும் செவிலியர் கூறினார். நாங்கள் கொண்டு சென்றதோ நிறைமாதக் குழந்தைக்கு அளவெடுத்தது. அக்குல்லாய் பேர்த்தியின் கண்ணையும் மூக்கையும் மூடிற்று.

என் இல்லாள் ஒன்றும் பேசவில்லை. செவிலியரின் உதவியால் ஒரு நூலைக் குழந்தையின் தலையைச் சுற்றிப் பிடித்து, முடிச்சிட்டு அளவெடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் சுவெட்டரின் முடிச்சைத் தேடி அறுத்து, கடகடவென்று பிரிக்கலானாள்.

“முழுதும் முடித்ததைப் பிரிக்கத்தான் வேண்டுமா?” என்றேன்.

“நூலு அதேதாங்க, அளவுதான் வேற. புள்ளைக்கு ஏத்த மாதிரிதானே சட்டை இருக்கணும்?” என்றாள்.

பிரித்த நூல் சுருள் சுருளாக நின்றது. சிட்டமாகச் சுற்றி, நனைத்து, அடுப்பங்கரையில் தொங்கவிட்டாள். உலர்ந்ததும் நூல் நேராயிற்று. அன்றிரவு குல்லாய், மறுநாள் காலுறை, அதற்கடுத்து, முன்பக்கம் முழுதும் திறக்கும் சிறு சுவெட்டர்.

அவ்வேளையில் சூரத்துந் நஹ்லின் 92ஆம் வசனம் என் உள்ளத்தில் ஓடிற்று. உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துச் சிதைக்கும் பெண் ஒருத்தி அங்கே உவமையாக வருகிறாள். வாக்குறுதியை முறிப்போருக்கான எச்சரிக்கை அது. பல்லாண்டு காலம் மாணவர்க்கு அதனை விளக்கியிருக்கிறேன். என் கண்முன் பிரித்துக்கொண்டிருந்தவளோ வாக்கை முறிப்பவள் அல்லள், காப்பவள். கை செய்யும் செயல் ஒன்றே, நிய்யத்து வேறு. சிதைப்பதற்கான பிரிப்பு ஒன்று. சேர்ப்பதற்கான பிரிப்பு மற்றொன்று. இவ்வேற்றுமையை இத்துணைத் தெளிவாக எந்த உரையிலும் யான் கண்டதில்லை.

குல்லாயும் காலுறையும் அணிந்த சிசுவைத் தாயின் வெற்று மார்பின்மீது படுக்கவைத்துப் போர்த்தினார்கள். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல் எட்கர் ரே என்னும் மருத்துவர் தொடங்கிய கங்காரு பராமரிப்பு முறை இது. பத்தொன்பது நாட்களில், இறையருளால், பேர்த்தி 2,200 கிராம் எடையுடன் வீடு சேர்ந்தாள். அல்ஹம்துலில்லாஹ்.

பின்னும் தாய்மார்க்கு என் இல்லாள் சொல்லும் சில குறிப்புகள்: முரட்டுக் கம்பளி வேண்டாம், கன்னத்தில் உரசிப் பார்த்து வாங்குக. பொத்தான், மணி, கழுத்தில் கட்டும் நாடா ஆகியவை குழந்தைக்கு ஆபத்து. அணிவிக்குமுன் துவைத்துக் காயவைக்க வேண்டும். சமவெளி வெயிலில் கம்பளி போர்த்திக் குழந்தையைப் புழுங்கவைத்தலும் தவறே. நலமாக வளரும் குழந்தை வீட்டினுள் உறங்குகையில் குல்லாயைக் கழற்றிவிடுக.

அச்சிறு குல்லாய் ஒரே மாதத்தில் பேர்த்திக்குப் போதாமற்போயிற்று. நினைவுப்பொருளாக வைத்துக்கொள்ளலாமென மகள் விரும்பினாள். என் இல்லாளோ அதனைத் துவைத்து, அதே மருத்துவமனையில் அப்போது பிறந்திருந்த வேறொரு குறைமாதக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டாள். அன்று தொட்டு, குன்னூர் செல்லும்போதெல்லாம் நான்கைந்து குல்லாய்கள் அவள் பையில் இருக்கும். நூலைப் பந்தாகச் சுற்றுகையில் இரு கைகளையும் நீட்டிச் சிட்டத்தைத் தாங்கி நிற்பது என் பணி.