தெரியாதவர்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் தகப்பனார் ‘தெரியாதவர்’ ஆகிவிட்டார். அவர் மட்டுமல்ல, அம்மா, அத்தை, கும்பகோணத்துச் சித்தப்பா, நான் உட்பட எங்கள் குடும்பமே அப்படி ஆகிவிட்டது. புதுக் கம்ப்யூட்டரின் திரையில் வரிசை வரிசையாக முகங்கள். ஒவ்வொன்றின் கீழும் அதே ஒரு சொல்.

அப்பா சார்பதிவாளர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் இல்லாமல் எது இருந்தாலும் அவருக்குப் பொறுக்காது. அம்மா 2015-ல் போன பிறகு, வீட்டிலிருந்த பழைய படங்களையெல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினார். டிஜிகாம் என்று ஓர் இலவச மென்பொருள். அது படங்களில் முகங்களைத் தேடிக் கட்டம் போட்டுக் காட்டும். இன்னார் என்று நாம் சொல்ல வேண்டும். மூன்று வருஷம், தினமும் காப்பிக்குப் பிறகு இரண்டு மணி நேரம், அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அந்த முகங்களில் பாதிப் பேரை அடையாளம் சொல்ல அவரை விட்டால் ஆள் கிடையாது. 2021-ல் அவரும் போய்விட்டார்.

பழைய கம்ப்யூட்டர் முனக ஆரம்பித்ததும் நான் புதிது வாங்கினேன். படங்களைப் பிரதி எடுத்துப் போட்டேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. பழையதை எடுத்துக்கொண்டு போகும்படி ஒரு கடைக்காரரிடம் பேசியும் விட்டேன். இந்த அவசரம் எனக்குப் பிறவிக் குணம்.

அப்புறம்தான் பெயர்களைக் காணோம் என்று தெரிந்தது.

போகட்டும், நாலைந்து முகங்களுக்கு நாம் சொல்லிக்கொடுத்தால் மற்றதை மெஷினே கண்டுபிடிக்காதா என்று உட்கார்ந்தேன். கண்டுபிடித்தது! 1974-ல் மணக்கோலத்தில் நிற்கும் என் அம்மாவைக் காட்டி, இது உங்கள் மகள்தானே என்று கேட்டது. தூக்கக் கலக்கத்தில் ‘ஆம்’ என்று தட்டிவிட்டேன். நான் ஒப்புக்கொண்டதையே மாதிரியாக வைத்துக்கொண்டு, அம்மாவின் படங்களை ஒவ்வொன்றாகப் பேத்தியின் பெயருக்கு மாற்ற ஆரம்பித்தது. அம்மாவுக்கு இருந்த படங்களே கொஞ்சம்.

மெஷின் முகத்தை நம்மைப் போலப் பார்ப்பதில்லை; எண்களாக மாற்றிக்கொள்கிறது. கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஃபேஸ்நெட் முறையில் ஒரு முகத்துக்கு 128 எண்கள். இரண்டு வரிசைகள் நெருங்கி வந்தால் ஒரே ஆசாமி என்று தீர்ப்பு. பாட்டியின் தாடை பேத்திக்கு அப்படியே வந்திருக்கிறது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வதுண்டு. அதையே மெஷினும் சொன்னால் அதன் மேல் கோபிப்பானேன்?

சாயங்காலம் அக்கா பையன் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“படத்தை மட்டும் காப்பி பண்ணினீங்களா, மாமா?”

அவன் சொல்லித்தான் புரிந்தது. அப்பா போட்ட பெயர்கள் படங்களின் முதுகில் இல்லை. தனியாக ஒரு தகவல் கோப்பில் இருந்தன. அப்பாவின் பாஷையில் சொன்னால், நான் பத்திரங்களையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்து ரிஜிஸ்தரை விட்டுவிட்டேன்.

கடைக்காரர் இன்னும் வரவில்லை. நல்ல காலம்.

அந்த ரிஜிஸ்தரையே தூக்கி வந்திருக்கலாம். ஆனால் பெயர்களைப் படங்களுக்குள்ளேயே எழுதிவிடுவதுதான் நிரந்தரம் என்றான் பையன். அதற்கு எக்ஸ்.எம்.பி. என்று ஒரு முறை, அடோபி கம்பெனி 2001-ல் கொண்டுவந்தது. முகம் படத்தில் எந்த இடத்தில் இருக்கிறது, எவ்வளவு அகலம், உயரம், யாருடையது என்பதெல்லாம் படத்தோடு கூடவே போகும். பழைய கம்ப்யூட்டரை எழுப்பி, அமைப்புகளில் அதற்கான இடத்தில் குறி போட்டு, எல்லாப் படங்களிலும் எழுதச் சொன்னான். ராத்திரி முழுவதும் அது முனகிக்கொண்டே எழுதியது. காலையில் மறுபடி பிரதி எடுத்தோம். புதியதில் நான் செய்துவைத்திருந்த குளறுபடிகளைத் துடைத்துவிட்டு, முதலிலிருந்து படிக்கச் சொன்னோம்.

பெயர்கள் வந்தன. சித்தப்பா வந்தார். அத்தை வந்தாள். நான் பார்த்தே இராத யார் யாரோ, அப்பா வைத்த பெயரோடு வந்தார்கள். அம்மா மகளிடமிருந்து பிரிந்து அம்மாவாகவே வந்தாள்.

பையன் ஒரு படத்தில் நின்றான். 1983-ல் எங்கள் வீட்டுத் திண்ணையில் எடுத்தது. உறவினர் கூட்டம், முன் வரிசையில் நான், சட்டையில்லாமல்.

“இங்கே தாத்தாவுக்குக் கை தவறிடுத்து போலிருக்கு, மாமா. கட்டத்துக்குள்ளே முகமே இல்லை. இதெல்லாம் இருந்தா மெஷின் குழம்பும். அழிச்சுடட்டுமா?”

குனிந்து பார்த்தேன். எல்லோருக்கும் பின்னால் பாதி சாத்திய கதவு. அதன் ஓரத்தில் சேலைத் தலைப்பு கொஞ்சம்; கதவைப் பிடித்த ஒரு கை, இரண்டு வளையல்கள். அவ்வளவுதான். காமிராவைக் கண்டால் அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விடுவது அம்மாவின் வழக்கம். மெஷின் அந்த இடத்தில் எதையும் கண்டிருக்க முடியாது. அப்பாதான் தம் கையால் கட்டம் இழுத்து, கீழே எழுதியிருக்கிறார்: ராஜம்.

“இருக்கட்டும்டா” என்றேன்.

கடைக்காரருக்குப் போன் செய்து, பழைய கம்ப்யூட்டரை இப்போது கொடுப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டேன்.