ஆண்கள் பக்கம்

பீரோவைத் திறந்ததும் அந்துருண்டை வாசம்தான் முதலில் வந்தது, அதற்குப் பின்னால் சற்றுத் தாமதித்து என் வீட்டுக்காரருடைய சட்டைகளின் வாசம், கஞ்சியும் வெயிலும் துளி மூக்குப்பொடியும் கலந்தது, அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பத்து மாதமாக ஏதோ ஒரு வேலையைச் சொல்லி அந்தக் கதவைத் தள்ளிப்போட்டு வந்தவள் நான். வேலை என்று என்ன இருக்கிறது, ஒருத்திக்கு உலை வைக்க அரை உழக்கு அரிசி, அதுவும் ராத்திரிக்கு மிஞ்சுகிறது, காலையில் பேப்பரைப் பிரித்தால் நடுப்பக்கத்தை உருவிக் கேட்க ஆளில்லை. வெளிநாட்டிலிருக்கும் மகள் சனிக்கிழமைதோறும் போனில், "ஹோம்ல இருந்து வேன் வரும்மா, மொத்தமாக் குடுத்து விட்டிருங்க, பாத்துப் பாத்து அழ வேண்டாம்" என்கிறாள். அன்பில்தான் சொல்கிறாள், மொத்தமாக என்ற சொல்தான் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

அந்துருண்டை வாசம் வந்தால் எனக்கு ஆச்சியின் டிரங்குப் பெட்டி திறந்துகொள்ளும். மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில் தேரிக்காட்டு ஓரமாக இருந்தது ஆச்சி ஊர், கண்ணுக்கெட்டிய மட்டும் செம்மண்ணும் பனையும், அந்தப் பனைகளுக்கெல்லாம் மேலே ஜான் தாமஸ் ஐயர் கட்டிய கோயிலின் கோபுரம், 192 அடி, வழி தவறினால் அதைப் பார்த்து நட என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். விடியக் கருக்கலில், அடுப்பில் கருப்பட்டிக் காப்பி கொதிக்கிற மணத்துக்கு நடுவே, அரிசியைக் களைவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி அள்ளி ஓலைக்கொட்டானில் போட்டுவிட்டுத்தான் ஆச்சி உலை வைப்பாள். 1903-ல் பாளையங்கோட்டையில் அசரியா ஐயரும் மற்றவர்களும் தொடங்கிய மிஷனெரி சங்கத்துக்கு அந்த அரிசி, அங்கிருந்து தெலுங்கு நாட்டுக்கு ஊழியர்கள் போனார்கள். அந்த நாட்டிலுள்ள டோர்னக்கல் எந்தத் திக்கில் இருக்கிறது என்று கேட்டால், எனக்குத் தெரியாது, அரிசிக்குத் தெரியும் என்பாள்.

தாத்தா இறந்த வருஷம் அறுப்பின் பண்டிகை வந்தபோது, ஊரே வாழைத்தாரும் கோழியும் கருப்பட்டிச் சிப்பமும் ஏலக் காணிக்கையாகச் சுமந்து கோயிலுக்குப் போக, ஆச்சி தாத்தாவின் குடையை எடுத்துக்கொண்டு போனாள். மூங்கில் கைப்பிடி, அதில் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் தாத்தா தன் பேரின் முதலெழுத்தைச் சுட்டு வைத்திருந்தார், பிடித்துப் பிடித்து அந்த எழுத்தின் விளிம்பு மழுங்கியிருந்தது. ஒரு தரம், ரெண்டு தரம் என்று ஏலம் ஏறி, பக்கத்துத் தெருப் பனையேறி ஒருவர் ஏழு ரூபாய்க்கு எடுத்தார். அத்தை அழுதுவிட்டாள், அந்நியர் கையில் போகவா அப்பா குடை என்று கேட்டாள். ஆச்சி சேலை முந்தியில் முடிந்திருந்த காணிக்கைக் காசை அவிழ்த்துக்கொண்டே, "கண்ணு முன்னால நடமாடட்டும்ட்டி, எங்க போவுதுன்னு நான் பார்த்துக்கிடுதேன்" என்றாள். அதற்குப் பிறகு எத்தனையோ மழை ஞாயிறுகளில் திண்ணையில் பனைநார் கிழித்தபடி இருந்தவள் தலை தூக்கி, அந்தா தாத்தா குடை போவுது என்பாள், அது தெரு முனை திரும்பும்வரை பார்ப்பாள், பிறகு நாரைக் கையில் எடுப்பாள்.

இடையன்குடிக்கு வீட்டுக்காரரும் நானும் போனது அவர் ஓய்வு பெற்ற வருஷம். தமிழாசிரியர், கால்டுவெல் ஐயர் என்றால் அவருக்குக் குரலே மாறும், 1847-ல் தொடங்கி 1880-ல்தான் ஐயர் கட்டிய இந்தக் கோயில் முடிந்தது, முப்பத்துமூன்று வருஷம், அதற்கு நடுவில் 1856-ல் ஒப்பிலக்கணத்தையும் எழுதிவிட்டார் என்று தூணுக்குத் தூண் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு ஐயரின் மனைவி எலிசா அம்மாள் ஞாபகம்தான் ஓடியது. ஐயர் 1891-ல் போக, அந்த அம்மாள் இன்னும் எட்டு வருஷம் இருந்திருக்கிறாள், ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்த கை, ஐயரின் கண்ணாடியையும் பேனாவையும் எங்கே எடுத்து வைத்திருக்கும், யாருக்குக் கொடுத்திருக்கும் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பஸ் திசையன்விளை தாண்டிய பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "என் புத்தகங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்திரு, கண்ணாடி மட்டும் வேண்டாம், பவர் யாருக்கும் சேராது" என்றார்.

நாற்பத்தொரு வருஷம் அவரும் நானும் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரம் கோயிலுக்கு ஒன்றாக நடந்து போனோம், கோயிலுக்குள் ஒருநாளும் ஒன்றாக உட்கார்ந்ததில்லை. எங்கள் தலைமுறைக்கு ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. ஆகையால் ஆராதனையில் எனக்குத் தெரிந்தது அவருடைய பிடரிதான், முடிவெட்டிய வாரம் வெளுத்தும் அடுத்த வாரங்களில் மெல்லக் கறுத்தும். பாமாலைப் புத்தகத்தை விரித்து வைத்திருப்பார், பார்க்க மாட்டார். இப்போது பாட்டு வரிகள் திரையில் வருகின்றன, எல்லோரும் நிமிர்ந்து திரையைப் பார்க்கிறோம், பக்கங்கள் புரளும் அந்தச் சின்னச் சலசலப்பு 1826-லிருந்து நிற்கிற அந்தச் சுவர்களுக்குள் இல்லை. அவர் இடம் இரண்டு ஞாயிறு காலியாகக் கிடந்தது, மூன்றாம் ஞாயிறு யாரோ நகர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

பீரோவைத் திறந்த அன்று சாயங்காலம் மடித்து அடுக்கிய சட்டைகளில் நாலை, கோயில் வேலைகளைப் பார்க்கிற எங்கள் கோயில்குட்டிக்குக் கொடுத்தேன், அவரும் அதே உயரம். வேட்டிகள் முக்கில் இஸ்திரி போடுகிறவருக்கு, எத்தனையோ வருஷம் அவர் தேய்த்தவைதான். புத்தகங்கள் சொன்னபடி பள்ளிக்கூடத்துக்கு.

நேற்றுப் பிரசங்கத்தின் நடுவில் கரண்ட் போய்விட்டது. கோயில்குட்டி எழுந்து ஆண்கள் பக்கத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு வந்தார், வெளிர்நீலச் சட்டை, ஜன்னல் வெளிச்சத்தில் அவர் கையைத் தூக்கும்போது மேலிருந்து இரண்டாவது பித்தான் தெரிந்தது, ஓர் ஈஸ்டர் விடியலில் வெள்ளை நூல் கண்ணில் படாமல், கல்லறைத் தோட்டத்துக்கு நேரமாகிறது என்று வீட்டுக்காரர் வாசலில் நின்று கூப்பிட, அவசரத்தில் நான் கறுப்பு நூலால் தைத்தது. கோயில்குட்டி கடைசி ஜன்னலையும் திறந்துவிட்டுப் போய் உட்காரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கூப்பிட்டு வேன் வேண்டாம் என்றேன். பீரோவின் கீழ்த்தட்டில் குடையும் ஸ்வெட்டரும் இரண்டு ஜோடிச் செருப்பும் இருக்கின்றன, பால்காரருக்குக் குடை இல்லை. கண்ணாடிக்கூடு இருக்கிற இடத்திலேயே இருக்கிறது.