திண்ணையில் காத்திருப்பு

மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயுற்றோர்க்கு நற்கருணை எடுத்துச் செல்வேன். எங்கள் பங்கில் இரு சிறுநீரகங்களும் செயலிழந்த ஆசிரியை ஒருவர் இருக்கிறார். வயிற்றில் பொருத்திய மென்குழாய் வழியே, வீட்டிலேயே, நாளொன்றுக்கு நான்கு முறை 2 லிட்டர் திரவத்தைச் செலுத்தி, சில மணி நேரம் உள்ளே நிறுத்தி, பின் வெளியேற்றுகிறார். குடலைப் போர்த்தியிருக்கும் பெரிட்டோனியம் என்னும் மெல்லிய சவ்வே அவருக்குச் சிறுநீரகத்தின் பணியைச் செய்கிறது. பெரிட்டோனியல் டயாலிசிஸ் என்பர் மருத்துவர்.

திரவம் மாற்றும் வேளையில் சன்னல்கள் அடைக்கப்படும், மின்விசிறி நிறுத்தப்படும். "சாமி, கொஞ்ச நேரம் திண்ணையில் இருங்கள்" என்பார் அவர் கணவர். ஆண்டவரை ஏந்தி வந்தவனை வாசலில் நிறுத்துவதா என்று எனக்கு உள்ளூர மனத்தாங்கல். அதை முகத்திலும் காட்டினேன் போலும்.

ஒரு மாதம் கதவு விரைவில் திறந்தது. மகிழ்ந்தேன். இரண்டு நாள் கழித்துச் செய்தி வந்தது: வயிற்றுவலி, காய்ச்சல், வெளியேறிய திரவம் கஞ்சித்தண்ணீர்போல் கலங்கியிருந்ததாம். சோதனையில், தோலில் இயல்பாகவே வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் வகைக் கிருமி வளர்ந்தது. கையில் தீங்கின்றி உறையும் அது, குழாய் முனையைத் தொடும் ஒரு கணத்தில் வயிற்றறைக்குள் புகுந்தால் உயிருக்கே உலைவைக்கும். இம்முறை 1970களின் பிற்பகுதியில் பரவத் தொடங்கியபோது இத்தொற்றே அதற்குப் பெருந்தடையாயிருந்தது. கிருமிக்கொல்லி மருந்தை அதே திரவத்தில் கலந்து வயிற்றுக்குள் செலுத்தினர். ஐந்து நாளில் தெளியாவிடில் குழாயையே அகற்ற நேரும் என்றனர்.

மருத்துவமனையில் கணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சாமியைக் காக்க வைக்கிறோமே என்று அன்றைக்குக் கையை அவசரமாகக் கழுவிவிட்டாள்."

"அவர் சும்மா சொல்கிறார், சாமி" என்றார் அந்த அம்மா.

அன்றுதான் கிருமி புகுந்தது என்று எவரும் உறுதியாகக் கூற இயலாது. மருத்துவரும் கூறவில்லை. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கமில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் திருப்பலியில் விரல்நுனியில் நீர் வார்த்துக்கொள்கிறேன். உள்ளத் தூய்மையின் அடையாளம் என்று குருமடத்தில் கற்றேன். அடையாளத்தை மட்டும் கற்றவனுக்கு, சோப்பிட்டு விரலிடுக்குகளைத் தேய்க்கும் அந்தச் சில நிமிடங்கள் வீண் தாமதமாய்த் தோன்றிவிட்டன.

நான்காம் நாள் கணவர் திரவப்பையை நாளிதழின்மேல் வைத்துக் காட்டினார். அடியிலிருந்த எழுத்துகளை வாசிக்க முடிந்தது.

இப்போதெல்லாம் திண்ணையில் அமர்ந்து செபமாலை சொல்கிறேன். சென்ற மாதம் ஐந்து பத்துகளும் மாதா பிரார்த்தனையும் முடிந்தபின்பே கதவு திறந்தது.